எந்த அழுத்தத்திற்கு மாத்திரை?

மாணவி, இரண்டாமாண்டு இளமறிவியல் (வேதியியல்)



‘அழுத்தம்’ என்னும் ஒரு சொல்லை இன்று நம் தமிழில் மூன்று நோய்கள் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. இரத்தக் குழாயில் ஏறினால் இரத்த அழுத்தம். உள்ளத்தில் ஏறினால் மன அழுத்தம். கண்ணுக்குள் ஏறினால் கண் அழுத்தம். ஏட்டில்தான் இந்த முன்னொட்டெல்லாம். எங்கள் ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் ஒரே பெயர், ‘பிரஷர்’. மூன்றுக்கும் மாத்திரை உண்டு. மூன்று மாத்திரையும் ஒரே மாதிரியான காகித உறையில், ஒரே மாதிரியான மஞ்சள் பையில், ஒரே பரணில் கிடக்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு கண்ணின் பார்வை பாதி போயிற்று. அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது விண்வெளி ஆராய்ச்சி பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். இதை நான் எழுதாவிட்டால் எழுத ஆள் இல்லை.

எங்கள் ஊர் திட்டக்குடியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் மனு, வங்கிச் சலான் எதுவானாலும் “பாப்பாவக் கூப்புடு” என்பார்கள். நானும் பெருமையாகப் போய் நிற்பேன்.

பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், சாலை விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு பெரியம்மா மூன்று மாதம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. தலை சீவவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசல்படியில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அப்படியே இருப்பார். காற்றுக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பிறகு ஊருக்கு வரும் சுகாதாரச் செவிலியர் சொல்லித்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். “இது மன அழுத்த நோய், குணமாகும்” என்று சொல்லி, இரவில் போடும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அமிட்ரிப்டிலின் என்று சீட்டில் எழுதியிருந்தது. ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பெரியம்மா வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. அந்த மாத்திரையின் நன்மையை அந்த வாசத்தால் அறிந்தவள் நான். பின்னால் எழுதப்போவதை எல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டுகிறேன்.

அடுத்த சில வாரங்களில் எங்கள் பக்கத்தில் ஒரு கண் சிகிச்சை முகாம் நடந்தது. கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்ததால் அழைத்துக்கொண்டு போனேன். பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். அதில் இரண்டு பேர் என் வகுப்பு. “வேற எதுக்காச்சும் மாத்திர சாப்புடுறாங்களா?” என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் எங்கள் தெருவே நின்றது. பெரியம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான், “பிரஷர் மாத்திர” என்றேன். அவர்கள் இரத்த அழுத்தம் என்று எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அப்பொழுது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாமர்த்தியம் என்றுதான் தோன்றியது. படிக்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து மனநலப் பிரிவில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அங்கும் கண்ணாடி வாங்கியதை நாங்கள் சொல்லவில்லை. கண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்தோம். அந்த வாரமே ஒரு நாள் இரவு மின்சாரம் நின்று, இரண்டு மணி நேரம் இருட்டாக இருந்தது. மின்சாரம் வந்தபோது பெரியம்மா, “பல்ப சுத்தி வானவில்லு மாதிரி வளையம் தெரியுதுடி” என்றார். சற்று நேரத்தில் வலப்பக்க நெற்றி பிளக்கிற மாதிரி வலி. வலக்கண் சிவந்தது. பிறகு வாந்தி, வாந்தியின் மேல் வாந்தி. பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் தூக்கிப் போனோம். பித்தம், தலைவலி என்று ஊசி போட்டார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் கண் மருத்துவமனைக்குப் போனபோது அந்தக் கண்ணில் அழுத்தம் 52 என்றார்கள். இயல்பான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை.

என்ன நடந்தது என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது அழும்போது வரும் கண்ணீர் அன்று. உள்ளே ஊறி உள்ளேயே வடிவது. நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர்தான். ஐரிஸ் என்னும் வண்ணத் திரைக்குப் பின்னால் ஊறி, பாவை என்னும் நடுத்துளை வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிசும் கார்னியாவும் கூடும் மூலையில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக இரத்தத்தில் சேர்கிறது. அந்த மூலைக்குக் ‘கோணம்’ என்று பெயர். நம் வெலிங்டன் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து உண்டு, மதகு உண்டு. இரண்டும் ஒத்துப்போகும்வரை கரைக்கு ஆபத்தில்லை. மதகை அடைத்துவிட்டு வரத்தை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்று ஏரிப் பாசனக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் உடைய ஒரு கரை இல்லை. அதனால் அந்த அழுத்தம் பின்னால் போய்ப் பார்வை நரம்பை நசுக்குகிறது. செத்த நரம்பு திரும்பி வராது.

இந்த மதகு சிலருக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். கண் சிறிதாக இருப்பவர்கள், தூரப்பார்வைக் கோளாறு உள்ளவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், அவர்களிலும் பெண்கள், ஆசியக் கண்டத்தவர் ஆகியோரிடம் இது கூடுதல். வயது ஏற ஏறக் கண்ணின் லென்சு பருத்து ஐரிசை முன்னே தள்ளுவதும் ஒரு காரணம். அப்படிப்பட்ட கண்ணில் பாவை பாதியளவு விரிந்து நிற்கும்போது ஐரிஸ் லென்சோடு ஒட்டி நீரின் வழியை மறிக்கிறது. பின்னால் நீர் தேங்கி, ஐரிசைப் பாய்மரம்போல் முன்னே புடைக்கச் செய்து கோணத்தை அடைத்துவிடுகிறது. பாவை விரிவதற்கு இருட்டே போதும். மாத்திரையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

மாத்திரை எப்படிப் பாவையை விரிக்கிறது? இதற்கு நமக்கு ஐரோப்பிய நூல் வேண்டாம்; வேலியோரத்து ஊமத்தை போதும். சில ஆண்டுகளுக்கு முன் அப்பா பருத்திக் கொல்லையில் களையோடு ஊமத்தைச் செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் கையோடு வியர்வை வழிந்த கண்ணைத் துடைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு கண்ணின் பாவை மட்டும் நாவற்பழம்போல் விரிந்து கிடந்தது. வெயிலைப் பார்க்கக் கூசியது. மறுநாளும் பீடிக்கட்டின் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. ஊமத்தையில் அட்ரோபின் குடும்பத்து ஆல்கலாய்டுகள் உள்ளன. அவை அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. பாவையைச் சுருக்கும் தசைக்குச் செய்தி போகாததால் பாவை விரிந்தே கிடக்கிறது. கிட்டப் பொருளைப் பார்க்க லென்சை வளைக்கும் தசைக்கும் செய்தி போவதில்லை. அதனால்தான் எழுத்து மங்குகிறது. இத்தாலி நாட்டில் முற்காலப் பெண்கள் இதே குடும்பத்துச் செடி ஒன்றின் சாற்றைக் கண்ணில் விட்டுப் பாவையை விரித்து அழகு பார்த்தார்களாம். அதனால் அச்செடிக்கு ‘அழகிய பெண்’ என்று பொருள்படும் பெல்லடோனா என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

மன அழுத்தத்துக்கான முதல் தலைமுறை மாத்திரைகள் பலவற்றுக்கு இந்த ஊமத்தைக் குணம் பக்க விளைவாக உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்டு கூன் 1957இல் இமிப்ரமின் மருந்தின் பயனை உலகுக்கு அறிவித்தார். அதே வழியில் 1960களில் அமிட்ரிப்டிலின் வந்தது. மலிவு, பலன் உண்டு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாக்கு வறள்வது, மலச்சிக்கல், கிட்டப்பார்வை மங்குவது எல்லாம் அந்தக் குணத்தின் அறிகுறிகளே. பெரியம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமற் போனதில் வயதுக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று இப்பொழுது நினைத்துப் பார்க்கிறேன். மாத்திரையின் பெயரைச் சொல்லியிருந்தால் அதை அன்று முகாமிலேயே யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுவாக்ஸெட்டினும், அதற்குப் பின் வந்த செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் முதலியவையும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஊமத்தைக் குணம் மிகக் குறைவு. ஆனால் செரட்டோனின் வழியாக அவையும் பாவையைச் சற்று விரிக்கும். ஆகவே கோணம் குறுகியவர்களுக்கு அடைப்பு நேரலாம் என்னும் எச்சரிக்கை அவற்றின் மருந்துத் தாளிலும் அச்சிடப்படுகிறது. இந்த மருந்துகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையன்று. சளி மாத்திரைகள் சில, பேருந்துப் பயண வாந்திக்குப் போடும் மாத்திரை, வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் ஊசிகள் சில ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு. ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டோபிராமேட் வேறு வழியாகக் கண்ணின் உள்திசுவை வீங்கச் செய்து கோணத்தை அடைக்கும். அது இளம் வயதினரையும் விடுவதில்லை. கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்கிறோமே, அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் மாதக்கணக்கில் விடவிட அதுவும் அழுத்தத்தை ஏற்றும். வலியே இல்லாமல் ஏற்றும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

கோண அடைப்பு என்பது எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது என்று ஒதுக்கிவிட முடியாது. வேலூரில் முப்பது முதல் அறுபது வயது வரையுள்ளோரிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், கோண அடைப்பு வகைக் கண் அழுத்த நோய் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தது. சங்கர நேத்ராலயாவினர் நடத்திய சென்னைக் கண் அழுத்த ஆய்வு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களைச் சோதித்தது. நோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் நோய் வராமலேயே கோணம் குறுகி, வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்! ஊருக்கு ஊர் கணக்கு மாறும். எங்கள் தெருவில் நாற்பதைக் கடந்தவர்களை மனக்கணக்காக எண்ணிப் பார்த்தேன். அறுபது பேருக்குக் குறையாது.

இந்தச் சிக்கலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்று சொல்லலாமோ கூடாதோ தெரியவில்லை. மருந்துத் தாளில், ‘கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்து கொள்க’ என்று போட்டிருக்கும். கண் அழுத்த நோய்க்காக ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துப் பயந்து மன அழுத்த மாத்திரையைத் தூர எறிவார். அவருக்கு இருப்பது பெரும்பாலும் திறந்த கோண வகையாகவே இருக்கும். மதகு திறந்திருக்கிறது, சல்லடைதான் தூர்ந்திருக்கிறது. பாவை விரிந்தால் அது அடைபடுவதில்லை. கண் மருத்துவரின் பார்வையிலும் அவர் இருக்கிறார். உண்மையான ஆபத்து யாருக்கு? கோணம் குறுகியிருப்பதே தெரியாமல், ‘எனக்குக் கண் அழுத்த நோய் இல்லை’ என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென்மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், கண் அழுத்த நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். அறியாதவர் தாளைப் படித்தும் என்ன பயன்? எங்கள் பெரியம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது.

ஆகவே எச்சரிக்கையைத் தாளில் அச்சிட்டதோடு மருந்து நிறுவனத்தின் கடமை முடிந்தது என்று நம் ஊரில் கொள்ள முடியாது என்பது என் கருத்து. கேட்க வேண்டியவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சொல்ல வேண்டியவர் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சொல்வதுதான் கடினம். எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்காரர் தம் மாத்திரையைத் திண்ணையில் வைத்து எண்ணுவார். மனநல மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழகம் உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மன அழுத்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சையே பெறவில்லை. பெற்ற பதினைந்து பேரில் எத்தனை பேர் என் பெரியம்மாவைப்போல் ‘பிரஷர் மாத்திரை’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களோ!

பெரியம்மாவின் கதை அந்த 52இல் முடியவில்லை. நரம்பு வழியாக மருந்து ஏற்றி, மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு இரண்டு கண்ணிலும் ஐரிசின் ஓரத்தில் லேசர் கதிரால் ஊசிமுனையளவு துளை போட்டார்கள். பாவை வழி அடைபட்டாலும் நீர் அந்தத் துளை வழியாக முன்னறைக்கு வந்துவிடும். இதே கருத்தை லேசர் இல்லாத காலத்தில், 1857இல், பெர்லின் நகரத்துக் கண் மருத்துவர் ஃபான் கிராஃபே ஐரிசின் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்துச் செய்து காட்டினார். இன்று புறநோயாளியாகவே வந்து சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு போகிறார்கள். இடக்கண் தப்பியது. வலக்கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. இன்றும் வலப்பக்கமாக வரும் மாட்டைப் பெரியம்மா பார்ப்பதில்லை.

ஊருக்கு இது போதாதா? “பைத்தியக்கார மாத்திர கண்ணக் குடிச்சிட்டுது” என்று பேசினார்கள். பெரியம்மா மாத்திரையை வாய்க்காலில் கொட்டினார். நாங்களும் தடுக்கவில்லை. நான் வேதியியல் மாணவி. நான்கூட “அந்த விஷம் வேண்டாம்” என்றுதான் சொன்னேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதும் எனக்கு அன்று தெரியாது. இரண்டு மாதத்தில் பழைய பெரியம்மா திரும்பி வந்தார். தலை சீவாத பெரியம்மா. ஒரு நாள் விடியற்காலை கொல்லைக் கிணற்றுமேட்டில் அவர் தனியாக உட்கார்ந்திருந்ததை அப்பா பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஏன் அங்கே போனார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அதற்குப் பின்தான் கண் மருத்துவமனைச் சீட்டையும் மனநலப் பிரிவுச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நான் மருத்துவரிடம் போனேன்.

இரண்டு சீட்டையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மருத்துவர், “இதை முன்னமே கொண்டுவந்திருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். கண் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். துளைகள் இரண்டும் திறந்திருப்பதால் மாத்திரை கொடுக்கத் தடையில்லை என்று பதில் வந்தது. இந்த முறை ஊமத்தைக் குணம் குறைந்த வகையில் ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். துளை தூர்ந்து போகாமல் இருக்கிறதா, அழுத்தம் எவ்வளவு என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள வேண்டும். துளை போட்டாயிற்று என்பதற்காகக் கண்ணை மறந்துவிடக் கூடாதாம். பெரியம்மா இப்பொழுது மாத்திரையும் சாப்பிடுகிறார், கருவாட்டுக் குழம்பும் வைக்கிறார். உப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

மாத்திரை கண்ணைக் குடிக்கவில்லை. குறுகிய கோணம் பெரியம்மாவின் கண்ணில் முன்பே இருந்தது. சளி மாத்திரையோ நீண்ட இருட்டோ கூட ஒரு நாள் அதை அடைத்திருக்கலாம். அன்று முகாம் மேசையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நிச்சயம் கண்டுபிடித்திருப்பார்கள் என்று என்னால் சாதிக்க முடியாது. கேட்டிருக்க வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் நான் மறைத்தேன்.

இனி, நம் கல்லூரிக்கு வருகிறேன். இதைப் படிக்கும் தோழர் தோழியருள் யாரேனும் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இக்கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நம் வயதில் கோணம் அடைபடுவது மிக அரிது. கண் வறட்சி, பாடப்புத்தகத்தின் எழுத்து மங்குதல் போன்றவை வரலாம். வந்தால் கண்ணாடிக் கடைக்கு ஓடாமல் முதலில் மாத்திரை கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ வகையையோ மாற்றினாலே சரியாகிவிடுவதுண்டு. மாத்திரை சாப்பிடாமல் உள்ளுக்குள் புழுங்குபவர்கள் நம் விடுதியிலும் இருக்கிறார்கள். அரியர் வைத்தவர்கள், வீட்டில் சொல்ல முடியாதவர்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நம்மைவிட நம் வீட்டுப் பெரியவர்களே இதில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். கண் சிவந்து, அந்தப் பக்கத்துத் தலை வலித்து, வாந்தியும் எடுத்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் அது பித்தமாக இருக்காது. கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மணிக்கணக்கு முக்கியம். நாங்கள் மூன்று நாள் தாமதித்தோம். போகும்போது வீட்டில் உள்ள மாத்திரைப் பை முழுவதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மனநலப் பிரிவுகளில் நாற்பதைக் கடந்தவருக்கு இம்மாத்திரை தொடங்குமுன் ஒரு டார்ச் விளக்குச் சோதனையாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கைக் காதோரப் பக்கமிருந்து ஐரிசுக்கு இணையாகப் பிடித்தால், முன்னறை ஆழமான கண்ணில் ஐரிஸ் முழுவதும் ஒளிரும். ஆழம் குறைந்த கண்ணில் மூக்குப் பக்கத்துப் பாதி நிழலாகும். இது முடிவான சோதனை அன்று, தவறும் வரும். முடிவாகச் சொல்லக் கோனியோஸ்கோப்பி என்னும் கண்ணாடி வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆயினும் ஐயத்துக்குரியவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பி வைக்க இந்த நிழல் போதும். ஒவ்வொருவருக்கும் இதைச் செய்யக் கூட்டம் விடுமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு நாள் முழுவதும் அந்த வரிசையில் நின்றவள் நான். ஆனால் டார்ச் பிடிக்க மருத்துவரேதான் வேண்டும் என்பதில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் செய்துவிட்டுப் போகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்யக்கூடியது சிறிது. கண் முகாமில் பெயர் பதியும் மேசை நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் கையில் இருக்கிறது. ‘வேறு மாத்திரை உண்டா?’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, பெரியவர்களைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்து, “தூக்கத்துக்கோ மனசுக்கோ ஏதாச்சும் மாத்திர உண்டா?” என்று தாழ்ந்த குரலில் கேட்கலாம். ‘பிரஷர்’ என்று பதில் வந்தால் “எந்தப் பிரஷருங்க?” என்று இன்னொரு முறை கேட்கலாம். இதைத் திட்ட அலுவலரான எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். பதிவுத் தாள் மேலிடத்திலிருந்து அச்சாகி வருகிறது, அதை நாம் மாற்ற முடியாது என்றார். பிறகு சற்று யோசித்து, ஓரத்தில் கையால் எழுதிக்கொள்ளத் தடையில்லை என்றார்.

சென்ற முகாமில் நானும் அந்த மேசையில் உட்கார்ந்தேன். இருநூறு தாளின் ஓரத்திலும் முந்தின இரவு அந்தக் கேள்வியைப் பேனாவால் எழுதி வைத்திருந்தோம். நண்பகல்வரை எல்லாரும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா வந்தார். “பிரஷர் மாத்திர” என்றார். “எந்தப் பிரஷரும்மா?” என்றேன். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். பிறகு மேசையின்மேல் குனிந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து என் கையில் வைத்தார்.